கைவினை டிசைனில் எழுத்துரு: எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது

வளைகாப்பு பேனர், கேக் டாப்பர், வாசல் பெயர்ப்பலகை என்று எதையாவது செய்துவிட்டு, நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று அதன் கோப்பைப் பகிர்பவர்கள் நம்மில் நிறைய. கைவினை வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு வரி அடிக்கடி வரும்: “டிசைன் ஃபைல் இதோ. அதுல இருக்கிற ஃபான்ட்டையும் சேர்த்தே போட்டிருக்கேன், எடுத்துக்கோங்க.” நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் அங்கே இரண்டு பொருள்கள் கைமாறுகின்றன. டிசைன் உங்களுடையது. எழுத்துரு அப்படியல்ல, அதை யாரோ ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். தமிழ் எழுத்துரு என்றால் உகர, ஊகார வடிவங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்திருப்பார்.

முறுக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்பலாம். கடன் வாங்கி வந்த முறுக்கு அச்சைக் கொடுத்து அனுப்ப முடியாது. பகிர்வதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான்: நான் தருவதை வைத்து, வாங்குபவர் இதே எழுத்தில் வேறொரு சொல்லைப் புதிதாக எழுத முடியுமா? முடியும் என்றால் நீங்கள் எழுத்துருவையே பகிர்கிறீர்கள் என்று அர்த்தம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்குத்தான்.

சட்டம், சுருக்கமாக

எழுத்தின் வடிவம் வேறு, அந்த வடிவத்தைத் திரையில் வரவழைக்கும் கோப்பு வேறு. அமெரிக்காவில் எழுத்து வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது; 1978-ல் எல்ட்ரா, ரிங்கர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆனால் எழுத்துருக் கோப்பு ஒரு கணினி நிரல் என்பதால் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று 1998-ல், சதர்ன் சாஃப்ட்வேர் மீது அடோபி தொடுத்த வழக்கில் தீர்ப்பானது. பிரிட்டனின் 1988-ம் ஆண்டுச் சட்டம் வடிவத்துக்கே பாதுகாப்புத் தருகிறது. வழக்கமாகத் தட்டச்சு செய்வதும் அச்சிடுவதும் மீறல் ஆகாது என்றும் சொல்கிறது. இந்தியாவின் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இலங்கையின் 2003-ம் ஆண்டு 36-ம் இலக்கச் சட்டமும் கணினி நிரல்களைப் பாதுகாக்கின்றன. எழுத்துருக் கோப்பையும் நிரலாகவே கருதி நடந்துகொள்வது நமக்கு நல்லது.

இதைப் படித்துவிட்டு, “அமெரிக்காவில் வடிவத்துக்கு உரிமை இல்லையாம், அப்போ எதையும் எடுக்கலாம்” என்று சிலர் முடிவுகட்டுவதுண்டு. அது தப்புக் கணக்கு. எழுத்துருவைக் காசு கொடுத்து வாங்கும்போதோ இலவசமாக இறக்கும்போதோ அதன் உரிமத்தை ஏற்றுக்கொள்கிறீர்கள். சட்டம் சும்மா விடுவதைக்கூட அந்த உரிமம் தடுக்கலாம். நடைமுறையில் நம்மைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் இந்த ஒப்பந்தம்தான்.

முதல் படி: எழுத்துரு எங்கிருந்து வந்தது?

இதற்குப் பதில் தெரியாவிட்டால் அடுத்த படிக்கே போக வேண்டாம். விண்டோஸில் எழுத்துருக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், டீட்டெயில்ஸ் பக்கத்தைப் பாருங்கள். பதிப்புரிமை யாருடையது என்று பெரும்பாலும் அங்கே இருக்கும். மேக் கணினியில் ஃபான்ட் புக்கில் அந்த எழுத்துருவின் தகவல் பகுதியைத் திறந்தால் இதே விவரம் வரும். எழுத்துருவோடு வந்த ஜிப் கோப்பில் ரீட்மீ, லைசென்ஸ் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அதையும் திறந்து படியுங்கள்.

நம் ஊரில் பெரிய சிக்கல் மொத்தத் தொகுப்புகள்தான். “தமிழ் ஃபான்ட் கலெக்‌ஷன்” என்ற பெயரில் நூற்றுக்கணக்கான எழுத்துருக்களை ஒரே ஜிப்பில் அடைத்த கோப்புகள் டிடிபி சென்டரிலிருந்து பிளெக்ஸ் கடைக்கும், அங்கிருந்து டெலிகிராம் குழுவுக்கும் போய்க்கொண்டே இருக்கின்றன. அவற்றில் பல ஒரு காலத்தில் விலைக்கு விற்கப்பட்டவை. ஒன்றோடும் உரிமக் கோப்பு வராது. சிலவற்றின் பெயரையே யாரோ மாற்றியிருப்பார்கள். எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்பதால் அவை பொதுச்சொத்து ஆகிவிடாது. பதிப்புரிமையை மீறி எடுத்த நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால், இந்தியச் சட்டத்தின் 63பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. லாப நோக்கமோ வியாபாரமோ இல்லாத இடத்தில் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. வீட்டில் ஒரு பேனர் வெட்டுபவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நீங்கள் பகிர்ந்த கோப்பை எடுத்து ஒருவர் கடையில் வைத்து விற்றால், சிக்கல் அவர் வாசலுக்குப் போகும். அவருக்காகவாவது இந்தத் தொகுப்புகளைத் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: உரிமத்தில் எதைத் தேடுவது?

முழு உரிமத்தையும் படித்தால் நல்லது. நேரமில்லை என்றால், சொந்த உபயோகத்துக்கு மட்டுமா, வியாபாரத்துக்கும் உண்டா என்பதை முதலில் பாருங்கள். இலவச எழுத்துரு என்றவுடன் எல்லாவற்றுக்கும் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. டாஃபான்ட் தளத்தில் ஒவ்வொரு எழுத்துருவின் மேலும் ஒரு குறிப்பு இருக்கும். சிலவற்றில் முழுக்க இலவசம் என்றும், பலவற்றில் சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம் என்றும், சிலவற்றில் டெமோ என்றும் போட்டிருக்கும். அந்தக் குறிப்பு ஓர் அடையாளம்தான்; உறுதியான விவரம் ஜிப்புக்குள் இருக்கும் கோப்பில்தான் உண்டு. பிறந்தநாளுக்கு அக்கா மகளுக்கு ஒரு டி-சர்ட் அச்சடித்தால் அது சொந்த உபயோகம். அதே டிசைனை முகம் தெரியாத ஆயிரம் பேர் இறக்கிக்கொள்ளும்படி வைப்பதைச் சொந்த உபயோகம் என்று சொல்வது கடினம், ஒரு ரூபாய்கூட வாங்காவிட்டாலும்.

அடுத்தது, பொருளாக விற்பதும் கோப்பாகத் தருவதும் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்பது. மக், பை, ஸ்டிக்கர் என்று கையில் பிடிக்கும் பொருளுக்கு அனுமதி தந்துவிட்டு, எஸ்விஜி (கோடுகளாலான படக் கோப்பு) போன்ற டிஜிட்டல் கோப்புகளுக்குத் தனி உரிமம் வாங்கச் சொல்லும் எழுத்துருக்கள் உண்டு. எத்தனை பொருள் வரை என்ற உச்சவரம்பு வைப்பவர்களும் உண்டு. வரையும் கலைஞர்களுக்கும் சரி, பெரிய நிறுவனங்களுக்கும் சரி, இதே விதிதான். மை லிட்டில் போனி பொம்மைகளிலும் அது சார்ந்த பொருள்களிலும் ‘ஜெனரேஷன் பி’ எழுத்துருவை உரிய உரிமம் இல்லாமல் பயன்படுத்தினார்கள் என்று 2016-ல் ஃபான்ட் பிரதர்ஸ் நிறுவனம் அந்தப் பொம்மைகளைச் செய்யும் ஹாஸ்ப்ரோ மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது. சாதாரண உரிமம், விற்கும் பொருளுக்கான உரிமம் என்ற வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

கணினியோடு வரும் எழுத்துருக்கள் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸுடன் வரும் லதா, நிர்மலா போன்றவற்றை வைத்து அச்சிட்டு விற்பதை மைக்ரோசாஃப்ட் தடுப்பதில்லை. வீட்டு உபயோகம், மாணவர் உபயோகம் என்று உரிமம் பெற்ற மென்பொருளில் செய்தால் மட்டும் அந்த மென்பொருளின் விதியைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த எழுத்துருக் கோப்பை நகலெடுத்து இன்னொருவருக்குத் தர அனுமதி இல்லை. டிசைன் செய்யும் செயலிகளுக்குள்ளேயே கிடைக்கும் எழுத்துருக்களுக்கு அந்தந்தச் செயலியின் விதி.

மூன்றாம் படி: உங்கள் கையை விட்டுப் போவது எது?

குழப்பம் அதிகம் வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வெட்டிய ஸ்டிக்கர், தைத்த பை, பொறித்த மரப்பலகை போன்ற பொருள்களில் ஆபத்து குறைவு. உரிமம் வியாபாரத்தை அனுமதித்தால் போதும். ஜேபிஜி, பிஎன்ஜி படமும் கிட்டத்தட்ட அப்படித்தான். எழுத்து அங்கே வெறும் புள்ளிகளாகிவிடுகிறது.

எஸ்விஜி, டிஎக்ஸ்எஃப் போன்ற, வெட்டும் இயந்திரத்துக்குத் தரும் கோப்பு அடுத்த நிலை. எழுத்தைக் கோடுகளாக மாற்றிவிட்டால் அதில் எழுத்துரு இல்லை, ‘வாழ்க வளமுடன்’ என்ற அந்த ஒரு சொற்றொடரின் வெளிக்கோடு மட்டும் இருக்கிறது. பல உரிமங்கள் இதை ஏற்கின்றன, சில தடுக்கின்றன. வரைகோட்டுக் கோப்பாகப் பகிரலாமா என்று உரிமத்தில் தெளிவாக இல்லாவிட்டால், எழுத்துருவை வரைந்தவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தனியாக வேலை செய்யும் எழுத்துருக் கலைஞர்களில் பலர் இப்படிக் கேட்பதை வரவேற்கிறார்கள்.

பிடிஎஃப் கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருந்தால், மென்பொருள் பெரும்பாலும் அந்த எழுத்துருவின் ஒரு பகுதியைக் கோப்புக்குள் வைத்துவிடும். எழுத்துருவுக்குள்ளேயே இதற்கு ஒரு குறியீடு உண்டு. விண்டோஸ் எழுத்துரு விவரத்தில் அது தெரியும்: நிறுவலாம், திருத்தலாம், பார்க்கவும் அச்சிடவும் மட்டும், தடை என்று நான்கு நிலைகள். தடை என்றிருந்தால் கோடுகளாக மாற்றிய பிறகே பிடிஎஃப் ஆக்குங்கள்.

“பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்” என்று தரும் டெம்ப்ளேட்டில்தான் பலர் மாட்டுகிறார்கள். பெயரை மாற்ற வேண்டும் என்றால் வாங்குபவரிடம் எழுத்துரு இருந்தாக வேண்டும். அதற்காகக் கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினால் அது மறுவிநியோகம். சரியான வழி, எழுத்துருவின் பெயரையும் அது கிடைக்கும் அதிகாரப்பூர்வப் பக்கத்தின் முகவரியையும் எழுதிவிடுவது. அவர்களே போய் இறக்கிக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் விடக் கவனம் தேவைப்படுவது எழுத்துத் தொகுப்பு. அ முதல் ன் வரை, அல்லது ஏ முதல் இசட் வரை, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி எஸ்விஜியாகத் தருவது. எல்லாம் கோடுகள்தான், எழுத்துருக் கோப்பு இல்லை. ஆனாலும் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வாங்குபவர் அவற்றை அடுக்கி எந்தப் பெயரையும் எழுதிவிடலாம். அகர வரிசைத் தொகுப்பை விற்கப் பல உரிமங்களில் தடையோ தனிக்கட்டணமோ இருப்பது இதனால்தான். எம்பிராய்டரியில் ஒவ்வோர் எழுத்தையும் தையல் கோப்பாக மாற்றித் தருவதும் இதே கணக்கு.

நான்காம் படி: தமிழ் எழுத்தைக் கோடாக மாற்றுவது

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், தமிழையும் ஒழுங்காகக் காட்டும். சில வெட்டும் மென்பொருள்களில் நேரடியாகத் தமிழைத் தட்டினால் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு இடம் மாறி நிற்கும், ‘கு’ உடைந்து போகும். அதனால் இங்க்ஸ்கேப்பில் எழுதி, கோடாக்கி, அதன்பின் வெட்டும் மென்பொருளுக்குக் கொண்டுபோவதுதான் வசதி.

எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். ஷிஃப்ட், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதே வேலை நடக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் இதற்கு க்ரியேட் அவுட்லைன்ஸ். மாற்றுவதற்கு முன் ஒரு நகலை எழுத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு எழுத்துப்பிழை தெரிந்தால் திருத்த முடியாது. பகிரும் கோப்பு வேறு, உங்கள் வேலைக் கோப்பு வேறு என்று இரண்டு பெயரில் சேமியுங்கள்.

மாறியதா என்று உறுதிசெய்ய எஸ்விஜியை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு பகுதி கோண அடைப்புக்குறிக்குள் ‘டெக்ஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கினால் இன்னும் எழுத்தாகவே இருக்கிறது. ‘பாத்’ என்று தொடங்கி, பின்னால் நீளமாக எண்கள் வந்தால் கோடாகிவிட்டது. எழுத்துருவின் பெயர் மட்டும் அங்கங்கே குறிப்பாக எஞ்சியிருக்கலாம், அதனால் தவறில்லை. சில இணையக் கருவிகள் உருவாக்கும் எஸ்விஜியில் எழுத்துருவே உள்ளே பொதியப்பட்டிருக்கும். ஃபான்ட் ஃபேஸ் என்ற சொல்லும், அதன்பின் பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்துகளும் தெரிந்தால் அந்தக் கோப்பை வெளியே விடாதீர்கள்.

கேக் டாப்பர் செய்பவர்களுக்குப் புள்ளி ஒரு தலைவலி. ‘வாழ்த்துகள்’ என்று வெட்டினால் ழ், த், ள் மூன்றின் தலையிலும் இருக்கும் புள்ளிகள் தனியாக உதிர்ந்துவிடும். அவற்றை எழுத்தோடு ஒரு மெல்லிய பாலம் போட்டு இணைக்க வேண்டும், அல்லது புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தைத் தொட வைக்க வேண்டும். பிறகு யூனியன் கொடுத்து ஒரே வடிவமாக்குவோம். இது எழுத்துருவை மாற்றுவது ஆகாதா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலான உரிமங்கள் தடுப்பது எழுத்துருக் கோப்பைத் திறந்து திருத்துவதை. உங்கள் டிசைனுக்குள் கோடாகிவிட்ட எழுத்தில் பாலம் போடுவது வேறு. ஆனாலும் சில உரிமங்கள் வெளிக்கோட்டை மாற்றுவதையும் தடுக்கும் என்பதால், டாப்பருக்கு எழுத்துரு தேடும்போது இந்த ஒரு வரியையும் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: கவலையில்லாத தமிழ் எழுத்துருக்கள்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை, பகிரும் டிசைன் எல்லாவற்றுக்கும் திறந்த எழுத்துரு உரிமம் கொண்டவற்றையே பயன்படுத்துங்கள் என்பதுதான். எஸ்ஐஎல் அமைப்பின் ஓபன் ஃபான்ட் லைசென்ஸ், சுருக்கமாக ஓஎஃப்எல், 2007-ல் வெளியான 1.1 பதிப்புதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எழுத்துருவைப் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அதை வைத்து உருவாக்கும் ஆவணத்தை எந்த உரிமத்திலும் தரலாம், விற்கலாம்.

கூகுள் ஃபான்ட்ஸில் தமிழ் என்று வடிகட்டினால் இவை வரிசையாக வரும். பெயர்ப்பலகைக்குத் தடித்த, உருண்டையான எழுத்து வேண்டுமா, எக் டைப் குழுவின் பலூ தம்பி இருக்கிறது. கோடு தடிமனாக இருப்பதால் வினைலில் உரிக்கும்போது கிழியாது. கையெழுத்துச் சாயலுக்கு இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார். அவருடைய பவனம் சாதாரண வாசகங்களுக்கு நன்றாக இருக்கும். பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரன், முக்த மலர், மீரா இனிமை, அரிமா, நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் அங்கேயே உண்டு. அனேக் தமிழில் மெலிந்ததிலிருந்து பருமனானது வரை, குறுகியதிலிருந்து அகன்றது வரை எல்லா அளவும் கிடைப்பதால், ஒரு பேனருக்கு அந்த ஒரே குடும்பம் போதும்.

ஓஎஃப்எல்லிலும் சில நிபந்தனைகள் உண்டு. எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது. அதன் தனிப் பகுதிகளையும் விற்கக் கூடாது என்று உரிமத்திலேயே இருக்கிறது. ஆகவே பலூ தம்பியின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எஸ்விஜி ஆக்கி விலை வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எழுத்துருவைக் கோப்போடு சேர்த்துத் தருவதானால் பதிப்புரிமைக் குறிப்பும் உரிமக் கோப்பும் கூடவே போக வேண்டும். எழுத்துருவைத் திருத்தி வெளியிட்டால் அதுவும் ஓஎஃப்எல்லில்தான் இருக்க வேண்டும். எழுத்துருவின் பெயரை வரைந்தவர் தனக்கென ஒதுக்கிவைத்திருந்தால், திருத்தியதற்குப் புதுப் பெயர் வைக்க வேண்டும்.

ஆறாம் படி: பதிவு வைப்பதும் குறிப்பு எழுதுவதும்

ஒவ்வொரு டிசைனின் ஃபோல்டரிலும் எழுத்துருவின் உரிமக் கோப்பு, இறக்கிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், இறக்கிய தேதி, காசு கொடுத்திருந்தால் ரசீது ஆகியவற்றைப் போட்டுவையுங்கள். இணையப் பக்கத்தில் உரிமம் பின்னால் மாறலாம். நீங்கள் எடுத்த நாளில் என்ன இருந்தது என்பதற்கு இவைதான் சாட்சி.

பகிரும்போது கூடவே எழுத வேண்டிய குறிப்பு இப்படி இருக்கலாம்:

“இந்த டிசைன் நான் வரைந்தது. நீங்கள் வெட்டிப் பயன்படுத்தலாம், செய்த பொருளை விற்கலாம். கோப்பை அப்படியே மறுபடி பகிரவோ விற்கவோ வேண்டாம். எழுத்துகள் கவிவனார் எழுத்துருவில் எழுதிக் கோடாக மாற்றப்பட்டவை. வேறு பெயர் எழுத வேண்டுமானால் அந்த எழுத்துருவை கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள்.”

ஓஎஃப்எல் எழுத்துருவை வைத்துச் செய்த டிசைனில் வரைந்தவர் பெயரைப் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனாலும் போடுங்கள். தமிழில் நல்ல எழுத்துரு வரைபவர்கள் குறைவு, அவர்கள் பெயர் நாலு இடத்தில் தெரிய வேண்டும்.

பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் டிசைனைப் பகிர்பவர்கள் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். நீங்கள் தரும் அனுமதி உங்கள் வரைகலைக்கு மட்டும்தான்; எழுத்துருவுக்கு நீங்கள் அனுமதி தர முடியாது. அதைக் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

படத் தலைப்பு, பிராண்டு

நடிகர் படத்தின் தலைப்பு எழுத்து, பிரபல குளிர்பானத்தின் எழுத்து என்று ரசிகர்கள் வரைந்த எழுத்துருக்கள் நிறையக் கிடைக்கும். எழுத்துருவின் உரிமம் அனுமதித்தாலும், அதே பெயரை அதே பாணியில் எழுதினால் அது வணிகச் சின்னத்தைத் தொடுகிறது. அது வேறு சட்டம், வேறு உரிமையாளர். அந்த எழுத்துருவில் உங்கள் மகள் பெயரை எழுதுவது ஒன்று, நிறுவனத்தின் பெயரை எழுதி விற்பது இன்னொன்று. இரண்டாவதை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே பகிர்ந்தாகிவிட்டது என்றால்

பழைய டிசைன்களை ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். எழுத்துருவும் சேர்ந்து போயிருந்தால் அந்தக் கோப்பை எடுத்துவிட்டு, கோடாக மாற்றியதைப் போடுங்கள். குழுவில் “பழைய ஃபைலில் இருக்கும் ஃபான்ட்டை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்” என்று ஒரு வரி சொல்லுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத எழுத்துரு என்றால், அதே டிசைனை ஓஎஃப்எல் எழுத்துருவில் திரும்ப எழுதுவது ஒரு சிறு வேலைதான்.

வரைந்தவரிடமிருந்து ஆட்சேபம் வந்தால் முதலில் பகிர்ந்த இடத்திலிருந்து கோப்பை நீக்கிவிடுங்கள், பிறகு பதில் எழுதுங்கள். எந்த உரிமத்தில் எடுத்தீர்கள், எங்கே பகிர்ந்தீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லி, இந்தப் பயன்பாட்டுக்கு ஏற்ற உரிமம் என்ன விலை என்று கேளுங்கள். தனிக் கலைஞர்கள் சிறு கைவினைக்காரர்களுக்குக் குறைந்த விலையில் உரிமம் தருவதும் உண்டு. வழக்கறிஞர் மூலம் கடிதம் வந்தாலோ, நீங்கள் அந்த டிசைனைப் பெரிய அளவில் விற்றிருந்தாலோ, பதில் அனுப்புவதற்கு முன் அறிவுசார் சொத்துரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆறாம் படியில் சேர்த்துவைத்த ஃபோல்டரையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.